வசம்பு முதல் ஸ்டெம் செல் வரை: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான மாற்று வைத்தியம், துணை வைத்தியம் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் பேச்சு வந்துவிடும் என்று தெரபிக்கு வரும் மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். அவன் சாப்பிடுவதே தயிர்சாதம், பிஸ்கட், பால், தோசை, சிப்ஸ் இவ்வளவுதான். நிறுத்தலாமா? (ஒரு தாய், ஈரோடு)

நிறுத்துவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் அம்மா. டிடிஜி ஐஜிஏ என்று பெயர். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று அது சொல்லும். பையன் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். அப்புறம் உண்மை தெரிய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வாரங்கள் எல்லோருக்கும் பாடு.

கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசீனும் அரைகுறையாகச் செரித்து, அபின் போன்ற துணுக்குகளாக மூளைக்குப் போகின்றன என்பது இந்த உணவுமுறைக்குச் சொல்லப்படும் காரணம். அதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 14 குழந்தைகளை முழுக்க இந்த உணவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கோதுமை, பால், இரண்டும் சேர்ந்தது, இரண்டும் இல்லாதது என நான்கு வகைத் தின்பண்டத்தை, எது எது என்று பெற்றோருக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் மலப்போக்கிலும் வித்தியாசம் தெரியவில்லை. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் எது எது என்று இப்படி மறைத்துச் செய்த சோதனைகள் பொதுவாக இதே பக்கம்தான் சாய்கின்றன.

அப்படியானால் "நிறுத்தினோம், பிள்ளை மாறிவிட்டான்" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நாலு வயதுப் பிள்ளை பாட்டிலில் ஒரு லிட்டர் பால் குடித்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் பசியே எடுக்காது, மலம் கல்லாகும், இரும்புச்சத்து குறையும், வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் தலையை முட்டிக்கொள்வான். பாலை நிறுத்தியதும் இவ்வளவும் ஒன்றாகச் சரியாகும். அதற்குக் காரணம் கேசீன் போனதல்ல, ஒரு லிட்டர் போனதுதான். ஆகவே முதலில் பாலும் தயிருமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி.க்குள் கொண்டுவாருங்கள், பாட்டிலை விட்டுக் கப்புக்கு மாற்றுங்கள். மூன்று வாரம் பாருங்கள். பல வீடுகளில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அதன் பிறகும் முயன்றுதான் பார்ப்பது என்றால், இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பால் நாலு வாரம், பிறகு கோதுமை எட்டு வாரம் என்று தனித்தனியாக. நம் சமையலில் கோதுமையை விலக்குவது அவ்வளவு கடினமில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம் எல்லாமே அரிசி. ஒளிந்திருக்கும் இடங்கள்தான் ஏமாற்றும். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவை, சேமியா, மால்ட் பானங்கள், சோயா சாஸ், ஹோட்டலில் பரோட்டா போட்ட அதே கல்லில் வார்த்த தோசை, இவையும் கணக்கில் வரும். பாலுக்கு பிஸ்கட், சாக்லேட் உறைகளில் "மில்க் சாலிட்ஸ்" என்று இருக்கிறதா பாருங்கள்.

கணக்கு இடறும் இடம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்). இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மி.கி. வேண்டும். 400 மி.லி. பாலும் தயிரும் 480 வரை கொடுத்துவிடும். அதை எடுத்துவிட்டால், 50 கிராம் கேழ்வரகில் சுமார் 175, ஒரு எள்ளுருண்டையில் 10 கிராம் தோல் நீக்காத எள் இருந்தால் சுமார் 120, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் சுமார் 90. மூன்றையும் தினமும் தின்னும் பிள்ளைக்கே 400ஐத் தாண்டாது. அதிலும் உடம்பில் சேர்வது பாலைவிடக் குறைவு. தேங்காய்ப்பாலிலும் பாதாம் பாலிலும் சுண்ணாம்பு தானாக இருக்காது, தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. அதனால் பால் நிற்கும் நாளிலிருந்தே மருத்துவர் எழுதும் சுண்ணாம்பு மருந்தும் தொடங்க வேண்டும். புரதம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 கிராம். பாலில் போகும் 13 கிராமை முட்டை, பருப்பு, மீன் என்று எதில் ஈடுகட்டுவீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் தின்பது ஐந்தே பண்டம். தயிர்சாதத்தையும் பிஸ்கட்டையும் பாலையும் எடுத்தால் இரண்டு. இதுதான் எங்களை உண்மையில் பயப்படுத்துகிறது. தெரிவு செய்து சாப்பிடும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்து, கால் வலி தாங்காமல் நடக்க மறுப்பதும் ஈறில் ரத்தம் கசிவதும் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. பண்டங்களின் எண்ணிக்கை பத்தையாவது தொடும் வரை எதையும் விலக்காதீர்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள்; இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் சோதனையை அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டு வயது ஆகியும் "அம்மா" வரவில்லை. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார்கள். நாக்குக் கட்டை அறுத்தால் பேசுவான் என்றும் சொல்கிறார்கள். (ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய மருந்தை வேண்டாம் என்று சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கும் பாட்டி. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்தார்கள். நம் நாட்டில் விளையும் வசம்பில் அதன் அளவு ஐரோப்பிய வகையைவிட மிக அதிகம். கூடுதலாகப் போனால் குழந்தை விடாமல் வாந்தி எடுக்கும். பேச்சு வருவதற்கு அது உதவும் என்பதற்குச் சான்று கிடையாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு உரைமருந்தில் தேன் சேர்ப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

நாக்குக் கட்டு இருந்தால் ர, ல, ழ ஒலிகள் சரியாக விழாமல் போகலாம். ஆனால் நாக்குக் கட்டு உள்ள குழந்தையும் விரல் நீட்டிக் காட்டும், கூப்பிட்டால் திரும்பும், கையைப் பிடித்து இழுத்துப் போகும்போது முகத்தைப் பார்க்கும். இவை இல்லை என்றால் கோளாறு நாக்கில் இல்லை. அறுப்பதால் ஒரு ரணமும் வாய்க்குள் கை வைக்கவே விடாத பயமும்தான் மிச்சம்.

செய்ய வேண்டியது இரண்டு. காது கேட்கும் திறனை ஓ.ஏ.இ., பெரா ஆகிய பரிசோதனைகளால் உறுதி செய்வது. "தொலைக்காட்சிச் சத்தத்துக்குத் திரும்புகிறானே" என்பது பரிசோதனை ஆகாது. இரண்டாவது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுவது. அங்கே கட்டணம் இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் "தண்ணி தா" போல இரண்டு சொல் சேர்வதில்லை, அல்லது வந்த சொல் எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்ற பேச்சில் நம் ஊரில் எத்தனை பிள்ளைகளின் இரண்டு வருடம் போயிருக்கிறது!

கேள்வி: ஊரில் ஒருவர் தரும் செந்தூரப் பொடியை மூன்று வாரமாகக் கொடுக்கிறோம். பையன் நன்றாக அமைதியாகிவிட்டான். நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இருக்காதே? (ஒரு தந்தை, விருதுநகர்)

அமைதியானான் என்பதுதான் எங்களை உஷாராக்குகிறது ஐயா. வலிப்புக்கு என்று விற்ற நாட்டுப் பொடிகளில் ஃபீனோபார்பிட்டால் என்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது ஏற்கெனவே வெளியான செய்தி. அதைக் குடித்தால் யாரும் அமைதியாவார்கள். பகலில் தூங்கி வழிகிறானா, நடை தள்ளாடுகிறதா? முகம் உருண்டு பசி திடீரென்று கூடியிருந்தால் ஸ்டீராய்டு என்று சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. ஃபீனோபார்பிட்டாலைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரும். மீதிப் பொடியை எடுத்துக்கொண்டு நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பற்பம், செந்தூரம், ரசம் என்ற பெயர் வரும் மருந்துகள் உலோகத்தையோ தாதுவையோ மூலப்பொருளாகக் கொண்டவை. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் வெளியிட்டார்கள். இணையத்தில் விற்ற 193 தயாரிப்புகளை 2008இல் சோதித்தபோதும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஈயம் வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். ஆட்டிசத்துக்குக் கொடுத்த மருந்து அறிவுத்திறனையே குறைப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

சித்த மருத்துவரிடம் போவதையே தவறென்று சொல்ல வரவில்லை. பதிவு பெற்றவரிடம் போங்கள். தயாரிப்பு உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் ஒட்டாத பொட்டலத்தை வாங்காதீர்கள். "ரசம் (பாதரசம்), கந்தகம், காரீயம் சேர்ந்ததா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் மகனுக்கு இப்போதே ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

கேள்வி: தலைமுடியைச் சோதித்துப் பாதரசம் அதிகம் என்று அறிக்கை தந்தார்கள். கீலேஷன் செய்து உலோகத்தை வெளியேற்றினால் சரியாகுமாம். (ஒரு தாய், சென்னை)

முந்தைய பதிலில் ஈயப் பரிசோதனை செய்யச் சொன்னது ரத்தத்தில். முடிச் சோதனை வேறு. ஷாம்பு, சாயம், தூசி எல்லாமே முடியில் ஒட்டும். ஒரே குழந்தையின் முடியை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு விடை வருவதுண்டு. இன்னொரு வித்தையும் இருக்கிறது. கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன்பின் சிறுநீரைப் பிடிப்பார்கள். அந்த மருந்து யார் உடம்பில் போனாலும் இருக்கிற துளி உலோகத்தை இழுத்துச் சிறுநீரில் கொட்டும். அந்த எண்ணை, மருந்து எடுக்காதவர்களின் சாதாரண அளவோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். எந்தக் குழந்தைக்குச் செய்தாலும் சிவப்புதான்.

கீலேஷன் உண்மையான ஈய நஞ்சுக்கு, பொதுவாக ரத்தத்தில் 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் என்றால், மருத்துவமனையில் வைத்துச் செய்யும் சிகிச்சை. ஆட்டிசத்துக்குச் செய்யப்போய் 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 5 வயதுச் சிறுவன் இறந்தான். நரம்பில் ஏற்றிய ஈ.டி.டி.ஏ. என்ற கீலேஷன் மருந்து ரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு போனதால் இதயம் நின்றுவிட்டது. ஈயம் ஏறாத எலிக்குட்டிகளுக்கு இதே வகையைச் சேர்ந்த சக்சிமர் கொடுத்தபோது கற்கும் திறன் நிலையாகக் குறைந்தது தெரிந்த பின், அமெரிக்க அரசு மனநல நிறுவனம் குழந்தைகளிடம் நடத்தத் திட்டமிட்டிருந்த ஆய்வை 2008இல் கைவிட்டது.

தடுப்பூசியின் பாதரசம்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து அந்தப் பாதரசக் கூட்டுப்பொருளை 2001க்குள் எடுத்துவிட்டார்கள். ஆட்டிச எண்ணிக்கை இறங்கவில்லை. மண், சுவர்ச் சுண்ணாம்பு, பெயின்ட் செதில் தின்னும் பழக்கம் உங்கள் குழந்தைக்கு இருந்தால் மட்டும் ரத்த ஈய அளவும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசிக்கு வீட்டை அடகு வைக்கத் தயாராக இருக்கிறோம். ஆக்சிஜன் அறைச் சிகிச்சையும் சேர்த்துத் தருகிறார்களாம். (பெற்றோர், கோயம்புத்தூர்)

அடகு வைக்காதீர்கள்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்றும், அப்படிக் கொடுப்பதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எதற்கும் ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே இதைச் செய்யலாம். ஆய்வென்றால் குடும்பத்திடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதே அது ஆய்வல்ல என்பதற்குச் சாட்சி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளிடம், ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிச் செய்த முறையான ஆய்வு 2020இல் வெளியானது. முதன்மையாகப் பார்த்த சமூகத் தொடர்புத் திறனில், உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் வரவில்லை.

ஆக்சிஜன் அறையும் இப்படித்தான். தாய்லாந்தில் 60 குழந்தைகளுக்கு 20 அமர்வுகள் கொடுத்த ஆய்வில், உண்மை அழுத்தம் பெற்றவர்களும் போலி அழுத்தம் பெற்றவர்களும் ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். அழுத்தம் ஏறும்போது காதுக்குள் வலி குத்தும்; பெரியவர்கள் விழுங்கிச் சரிசெய்துகொள்வார்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

எம்.எம்.எஸ். என்ற பெயரில் வரும் சொட்டு மருந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சோடியம் குளோரைட்டில் எலுமிச்சை அமிலம் சேர்த்தால் உண்டாகும் குளோரின் டையாக்சைடு அது; துணி வெளுக்கும் சரக்கு. மலத்தில் "புழு கயிறுகயிறாக விழுகிறது" என்று காட்டுவது குடலின் உள்சவ்வு வெந்து உரிவதை. வீட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒட்டகப் பால் பவுடர்? (யாழ்ப்பாணம்)

ஒட்டகப் பாலிலும் கேசீன் இருக்கிறது. கேசீன் இல்லாத உணவு என்று மாட்டுப்பாலை நிறுத்திவிட்டு ஒட்டகப் பாலைக் கொடுப்பது தன்னைத் தானே வெட்டும் யோசனை. சிறு ஆய்வுகளுக்கு மேல் சான்று இல்லை. பிள்ளை விரும்பிக் குடித்தால், விலையும் தாங்கினால் உணவாகக் கொடுங்கள்; மருந்தாக எண்ண வேண்டாம். காய்ச்சாத பாலைத் தொடவே வேண்டாம், புரூசெல்லா என்ற கிருமியால் காய்ச்சல் வரக்கூடும்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை. மெலடோனின் கொடுக்கலாமா? அதுவும் மாற்று மருந்துதானே? (ஒரு தாய், மதுரை)

துணை மருந்துகளின் பட்டியலில் நல்ல சான்றோடு நிற்கும் ஒன்று மெலடோனின். தூக்கம் வர வைக்கும், ஆட்டிசத்தை மாற்றாது. ஆனால் ஒரு குழந்தை தூங்கினால் மறுநாள் தெரபியும் பள்ளியும் வீடும் எப்படி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மருந்துக்கு முன் மூன்று வாரம் இதைச் செய்யுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், அவள் உண்மையில் தூங்கும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். ஒரு மணிக்குத் தூங்குபவளை ஒன்பது மணிக்கே படுக்க வைத்தால் நான்கு மணி நேரம் சண்டைதான் நடக்கும், படுக்கை என்றாலே சண்டை என்று மனதில் பதிந்துவிடும். அதனால் பன்னிரண்டரைக்குப் படுக்க வையுங்கள். படுத்த கால் மணி நேரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து தூங்கினால் 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாறக் கூடாது. பகல் தூக்கம் வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி, சாக்லேட் வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு டியூப் லைட்டை அணைத்து ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு. செல்போனும் சீரியலும் அந்த அறையில் இல்லை. பாட்டிக்கு இது கஷ்டம், ஆனால் பேசிப் புரியவைக்க வேண்டிய கஷ்டம்.

கால்களை உதைத்துக்கொண்டே இருந்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பாருங்கள். அமைதியற்ற கால்களுக்கு 50க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்; ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். குறட்டை, மலச்சிக்கல், பல் சொத்தை இவையும் தூக்கத்தைக் கெடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை என்றால் மருத்துவர் சொல்லி 1 மி.கி.யில் தொடங்கலாம், படுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. போதவில்லை என்றால் அவரே படிப்படியாகக் கூட்டுவார். பலருக்கு 3 மி.கி.யே போதும். கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் விளையாட விட்டால் வேலை செய்யாது. பிறகு "மருந்து சரியில்லை" என்று அளவைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வலிப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மெலடோனின் மிட்டாயை நம்பாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் 25 மிட்டாய் வகைகளைச் சோதித்ததில் 22இல் உறையில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

கேள்வி: லூகோவோரின் மாத்திரை கொடுத்தால் பேச்சு வரும் என்று 2025இல் அமெரிக்காவிலேயே அறிவித்தார்களே? (ஒரு தந்தை, சிங்கப்பூர்)

லூகோவோரின் என்பது ஃபோலேட் என்ற பி வைட்டமினின் ஒரு வடிவம். 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, மூளைக்கு ஃபோலேட் போய்ச் சேராத ஒரு குறைபாட்டை ஒட்டியது. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் என்று அது விரிந்தது செய்திகளில். 2018இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வில் இருந்தவர்கள் 48 குழந்தைகள். 12 வாரத்தில் பேச்சில் முன்னேற்றம் கண்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் 48 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. முயல விரும்பினால் வளர்ச்சி மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பார்த்துத் தொடங்க வேண்டும். முன்னதாகப் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. சிலர் எரிச்சலும் துடிப்பும் கூடித் தூக்கம் இழக்கிறார்கள். ஃபீனோபார்பிட்டால், ஃபெனிடோயின் எடுக்கும் குழந்தைக்கு அந்த வலிப்பு மருந்தின் பலம் குறையக்கூடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் இதற்கு மாற்று அல்ல.

கேள்வி: எதைக் கொடுத்தாலும் முதல் மாதம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி. வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? (ஒரு தாய், திருச்சி)

இந்தத் தொகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 1998இல் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனை, வயிற்றுப் பரிசோதனைக்காக ஏற்றியபோது மூன்று குழந்தைகளுக்கு ஆட்டிசம் குறைந்தது என்று செய்தி வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அதைத் தேடி அலைந்தார்கள். மறு வருடமே 60 குழந்தைகளை எடுத்துப் பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு உப்புநீர் கொடுத்தார்கள். இரண்டு குழுவும் முன்னேறின, ஒரே அளவுக்கு. உப்புநீர் பெற்ற பிள்ளைகளின் பெற்றோரும் மாற்றத்தைக் கண்ணால் பார்த்தார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரெட்டின் வேண்டும் என்றார்கள்.

ஏன் அப்படி? குழந்தை ஆறு மாதத்தில் தானாகவே வளர்கிறது. நிலைமை மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிதாக எதையாவது தொடங்குகிறோம். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணியும். புதிய மருந்து வந்த பிறகு நாமும் கூர்ந்து பார்க்கிறோம், அதிகமாகப் பேசுகிறோம்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எண்ணக்கூடிய இரண்டே விஷயம். "கவனம் கூடியிருக்கிறது" என்பது எண்ண முடியாது. "காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தானாக எத்தனை முறை எதையாவது கேட்டாள்", "ஒரு நாளில் எத்தனை முறை தன் கையைக் கடித்தாள்" என்பது எண்ண முடியும். எதுவும் மாற்றாமல் இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம். அந்த மாதம் புதிய தெரபி, புதிய பள்ளி, புதிய டானிக் எதுவும் கூடாது. முடிக்கும் தேதியை அட்டையிலேயே எழுதுங்கள். வகுப்பு ஆசிரியையிடம் மாற்றத்தைச் சொல்லாமல், அவரையும் அதே இரண்டை எழுதச் சொல்லுங்கள். வீட்டு நோட்டில் ஏறி ஆசிரியை நோட்டில் ஏறாவிட்டால் மாறியது நம் பார்வை. கடைசியாக இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் எண் இறங்கவில்லை என்றால் அந்தச் செலவு இனி வேண்டாம். மருத்துவர் எழுதிய வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் மட்டும் இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

யோகா, பாட்டு, நீச்சல், எண்ணெய் தேய்த்துவிடுதல் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே நோட்டுதான். ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான இசைச் சிகிச்சை ஆய்வில் ஆட்டிச அறிகுறிகள் குறையவில்லை. அதற்காகப் பாட்டு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மகள் பாட்டுக்குச் சிரிக்கிறாள் என்றால் பாடுங்கள். கனத்த போர்வை வாங்குவதானால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தானாக விலக்கத் தெரியாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் தெரபி சென்டர் கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஒதுக்க முடியாது. வீட்டிலேயே என்ன செய்யலாம்? (ஒரு தாய், தருமபுரி மாவட்டம்)

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. நிபுணர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற பணியாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய், ஆறு மாதத்தில் 12 முறை, பெற்றோருக்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கில் போவது கூடியது. குழந்தைகளும் தாமாகப் பெற்றோரிடம் பேச்சையோ சைகையையோ தொடங்குவது கூடியது.

நீங்கள் செய்யக்கூடியது இப்படி. தினமும் அரை மணி நேரம், இரண்டு தடவையாகப் பிரித்தாலும் சரி. தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். தரையில், அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். இரண்டு மூன்று சாமான் போதும். டம்ளர், கரண்டி, சோழி. அவன் எதைப் பார்க்கிறானோ அதையே நீங்களும் பாருங்கள். அவன் டம்ளரைத் தட்டினால் நீங்களும் தட்டுங்கள். "இது என்ன? கலர் என்ன? சொல்லு, சொல்லு" என்ற கேள்விகளை அந்த அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவன் செய்வதற்குப் பேர் மட்டும் சொல்லுங்கள்: "டப்! விழுந்துச்சு." அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை என்றால் உங்கள் வாக்கியமும் ஒரு சொல், இரண்டு சொல்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் திரும்பிப் பார்ப்பதும், சத்தம் கொடுப்பதும், உங்கள் கையை இழுப்பதும் அந்த ஐந்து எண்ணுக்குள்தான் வரும். முதல் வாரம் அது மிக நீளமாகத் தோன்றும்; மூன்றிலேயே பேசிவிடுவீர்கள். பேசாமல் ஐந்து வரை போய்விட்டீர்களா என்பதை மட்டும் முதல் வாரம் நோட்டில் எழுதுங்கள்.